முதலில் செடி, அப்புறம்தான் மீன்

போன வருடம் தக்கலைப் பக்கத்திலிருந்து ஒரு அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். பிள்ளையின் கையில் ஒரு பாட்டில் நிறைய தொட்டித் தண்ணீர். "அண்ணே, தண்ணி கண்ணாடி மாதிரிதான் கெடக்கு. ஆனா நாலு நாள்ல பதினோரு மீன் செத்துப் போச்சு" என்றார் அப்பா. தொட்டி, கலர் கல், பிளாஸ்டிக் செடி, பதினைந்து தங்கமீன் என்று எல்லாவற்றையும் வேறொரு கடையில் ஒரே நாளில் வாங்கியிருக்கிறார். அந்தத் தண்ணீரில் 5 மில்லி எடுத்து, அம்மோனியா பார்க்கும் மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டேன். மஞ்சளாக நிற்க வேண்டியது ஐந்து நிமிடத்தில் கிளிப்பச்சையாகிவிட்டது, தண்ணீரில் அம்மோனியா ஏறிக் கிடக்கிறது என்று அர்த்தம். பிள்ளை அந்த டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது.

நாகர்கோவிலில் மீன் தொட்டி அமைத்துக் கொடுக்கும் வேலையில் எனக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் வரும் புகாரில் பாதிக்கு மேல் இதுதான். மீன் செவுள் வழியாக விடுவதும், கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகுவதும் சேர்ந்து தண்ணீரில் அம்மோனியா ஆகிறது. அது செவுளைப் புண்ணாக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி. இந்த பாக்டீரியாக்கள் மணலிலும் ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் ஒட்டிப் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். செடிகளோ அம்மோனியாவை நேரடியாகவே உரமாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான், கையில் காசு குறைவு என்று சொல்பவர்களிடம் மீனுக்கு வைத்திருக்கும் பணத்தைச் செடிக்குப் போடச் சொல்கிறேன்.

2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் உள்ள தொட்டி ஆரம்பத்துக்குப் போதும். விளிம்புவரை நிரப்பினால் ஏறக்குறைய 56 லிட்டர். இதைவிடச் சின்னதில் தண்ணீர் சீக்கிரம் கெட்டுப்போகும். ஸ்பாஞ்ச் ஃபில்டர், சின்ன ஏர் பம்ப், 6500 கெல்வின் (பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை) என்று போட்டிருக்கும் சாதாரண எல்.இ.டி. விளக்கு. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் வேண்டாம். கீழே சொல்லும் செடிகளை வைத்தால் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் வேண்டாம்.

அடிமண்ணுக்கு எதையும் விலைக்கு வாங்காதீர்கள். உரமோ சாணியோ படாத செம்மண்ணைச் சலித்து, மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து, மேலே மிதப்பதைக் கொட்டிவிட்டு ஒரு அங்குலம் பரப்புங்கள். நம் செம்மண்ணில் இரும்புச்சத்து உண்டு, வேருக்கு நல்லது. அதன் மேல் கழுவிய மணல் ஒன்றரை அங்குலம். இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறதே என்று ஒரு வாளி மணல் அள்ளி வந்துவிடுகிறார்கள். அதில் உப்பும் சிப்பித் தூளும் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டி மணலில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். அழகுக்கு ரப்பர் கட்டையும் போடாதீர்கள், சீக்கிரம் அழுகிவிடும். நன்றாகக் கொதிக்கவைத்த தேங்காய்ச் சிரட்டை போதும், இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடர் போட்டிருந்தால் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வையுங்கள், ஏர் பம்ப் ஓடினால் இன்னும் நல்லது. அப்புறம் பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) பாருங்கள். 6-க்குக் கீழே போனால் அந்த பாக்டீரியாக்களின் வேலை ரொம்பவே மந்தமாகிவிடும்.

செடிகளில் வேலம்பாசி, வாலிஸ்னேரியா, ஜாவா பாசி, ஒரு அனுபியாஸ். இவ்வளவில் தொடங்கலாம். அனுபியாஸின் கிழங்கை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். சிரட்டையில் நூலால் கட்டிவிடுங்கள். குளத்திலிருந்து செடி எடுத்தால் லேசான ரோஸ் நிறத்தில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைத்து, பத்து நிமிடம் முக்கி அலசுங்கள். இல்லாவிட்டால் தும்பியின் புழு கூடவே வந்து மீன் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். விளக்கு தினம் 6, 7 மணி நேரம். ஜன்னல் ஓரம் வேண்டாம், கண்ணாடியெல்லாம் பாசி பிடிக்கும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு நம் மாவட்டத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. மீன் நெருக்கியடித்திருந்த என் கடைத் தொட்டிகளில் இரண்டாம் நாளே மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன, நிறையவே போய்விட்டன. வீட்டில் ஜன்னலுக்கு எதிரே செடி அடர்ந்து கிடந்த தொட்டியில் ஆறே ஆறு கப்பி என்ற குட்டி மீன்கள். மோட்டார் ஓடாமலேயே ஆறும் பிழைத்தன. இரவில் செடியும் ஆக்சிஜன் எடுக்கும், அதனால் செடி மட்டும் காப்பாற்றிவிடாது. மீன் குறைவாக இருந்ததும்தான் காப்பாற்றியது.

தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி விற்கும் சக்கர் மீனை வாங்காதீர்கள். ஒரு அடிக்கு மேல் வளரும், வளர்ந்ததும் குளத்தில்தான் கொண்டுபோய் விடத் தோன்றும். சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் நீர்நிலைகள் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தன. அங்கே மட்டுமல்ல, எந்தக் குளத்திலும் தொட்டி மீனை விடக் கூடாது. நறுக்கிய செடியையும் வாய்க்காலில் வீசாமல் வெயிலில் காயவைத்துத் தென்னைக்குப் போடுங்கள்.

அந்தத் தக்கலைப் பிள்ளை மிச்சமிருந்த நாலு தங்கமீனை என்னிடம் கொடுத்துவிட்டுச் செடி வாங்கிப் போனது. வாரம் ஒரு முறை பாட்டிலில் தண்ணீர் வரும், பச்சை குறைந்துகொண்டே வந்தது. ஐந்தாவது வாரம் அம்மோனியா டியூப் மஞ்சளாகவே நின்றது, நைட்ரைட்டும் இல்லை. "இப்ப பத்து மீன் தருவீங்களா?" என்று கேட்டது. ஆறு கப்பிதான் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி தண்ணீர் கொண்டுவா, அப்புறம் பார்ப்போம் என்றேன்.