வலி முழங்காலில், வினை பெடலில்

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டி முழங்கால் வலியோடு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "சைக்கிளையும் காலணியையும் கொண்டுவந்தீர்களா?" என்பதுதான். ஸ்கேன் படங்களோடு வந்தவர்கள் திகைத்துப்போவார்கள். இயன்முறை மருத்துவருக்கு சைக்கிள் எதற்கு?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 80 முறை மிதிப்பவரின் கால் ஒரு மணி நேரத்தில் 4,800 முறை சுற்றுகிறது. ஐந்து மணி நேரத்தில் 24,000 முறை. பாதம் சற்றே கோணலாக நின்றாலும், அந்தக் கோணல் அத்தனை முறையும் முழங்காலில் போய் முறுக்குகிறது. பக்கத்துத் தெருவுக்குப் போய்வரும்போது உறைக்காத பிழை, எழுபதாவது கிலோமீட்டரில் வலியாக வெளிப்படும்.

என்னிடம் வந்த ஒருவருக்கு வலது முழங்காலின் வெளிப்புறத்தில் வலி. அவரைச் சிறிது தூரம் நடக்கச் சொன்னேன். வலது பாதம் இயல்பிலேயே வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. பிறகு அவருடைய காலணியைப் புரட்டிப் பார்த்தேன். பெடலில் பூட்டிக்கொள்வதற்காக அடியில் பொருத்தும் துண்டான கிளீட் நேர்க்கோட்டில், அதுவும் துளிகூட அசைய விடாத வகை. பந்தய வீரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்று யாரோ சொன்னார்களாம். பாதம் ஒரு திசையை விரும்ப, பெடல் வேறொரு திசையில் பிடித்துவைக்க, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது முழங்கால். அசைவு தரும் கிளீட்டுக்கு மாறி, அதைப் பாதத்தின் போக்குக்கேற்பத் திருப்பிவைத்தபின் சில வாரங்களில் வலி தணிந்தது.

இந்த அசைவைப் பாகையில் சொல்வார்கள். ஷிமானோ நிறுவனத்தின் சாலை சைக்கிள் பெடல்களில் சிவப்புக் கிளீட்டுக்கு அசைவே இல்லை, நீலத்துக்கு 2 பாகை, மஞ்சளுக்கு 6. நெடுந்தூரம் ஓட்டுபவர்களுக்கு மஞ்சளைத்தான் சொல்வேன்.

அடுத்து, பாதம் மரத்துப்போவது. முன்பாதத்தில் விரல் எலும்புகளுக்கு இடையே நரம்புகள் ஓடுகின்றன. மெத்தென்ற ஓட்டக் காலணி அணிந்து, குறுகிய பெடலை மணிக்கணக்கில் மிதித்தால், முழு அழுத்தமும் ஒரே இடத்தில் குவிந்து அந்த நரம்புகளை நசுக்கும். முதலில் எரிச்சல், பிறகு மரமரப்பு. போதாக்குறைக்கு, நேரம் ஆக ஆகப் பாதமும் வீங்கும். காலையில் கச்சிதமாக இருந்த காலணி மதியம் இறுக்கும். அகலமான பெடல், வளையாத அடி கொண்ட காலணி, வழியில் நாடாவைச் சற்றுத் தளர்த்துவது ஆகியவை பலருக்குப் போதும். கிளீட் உள்ளவர்கள் அதைச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கமாக நகர்த்திப் பார்க்கலாம்.

பூட்டும் பெடல் இல்லாமல் நெடுந்தூரம் முடியாது என்பதை நான் ஏற்பதில்லை. அதில் காலை மேலே இழுத்தும் விசை பெறலாம் என்பார்கள். சீராக ஓட்டும்போது விசையின் பெரும்பகுதி கீழ்நோக்கி மிதிப்பதிலிருந்தே வருகிறது. சுமார் 100 மில்லிமீட்டர் அகலமுள்ள தட்டைப் பெடலில் பாதத்தை விருப்பம்போல் நகர்த்திக்கொள்ளலாம். முழங்காலுக்கு அதுவே பெரிய சலுகை. மழையில் வழுக்காதிருக்கச் சிறு முள்ளாணிகள் உள்ளதாக வாங்குங்கள். கெண்டைக்காலில் ஒருமுறையாவது கீறும், அதற்கும் தயாராக இருங்கள்.

பூட்டும் வகைதான் வேண்டுமென்றால், காலணியில் இரண்டு திருகுகளால் பொருத்தும் கிளீட்டைப் பாருங்கள். அது காலணியின் அடிக்குள் பதிந்திருப்பதால் இறங்கி இயல்பாக நடக்கலாம். மூன்று திருகு வகை அழுத்தத்தை நன்றாகப் பரப்பும். இறங்கினால் வாத்து நடைதான். எதுவானாலும், விடுபடும் இறுக்கத்தை முதலில் குறைவாக வைத்து, சுவரைப் பிடித்தபடி காலைக் கழற்றிப் பழகுங்கள். புதியவர்கள் பெரும்பாலும் விழுவது வேகத்தில் அல்ல, வண்டி நின்ற பிறகுதான்.

பெடலை நீங்களே மாற்றுவதானால், இடப்பக்கத் திருகு எதிர்த்திசையில் சுழலும் என்பதை மறக்காதீர்கள். புதிய பெடலின் அல்லது காலணியின் தடிமன் வேறுபட்டால் இருக்கையின் உயரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இதைப் பலர் விட்டுவிட்டு, வலிக்குப் பெடலைத் திட்டுகிறார்கள்.

மாற்றிய மறுநாளே 200 கிலோமீட்டர் கிளம்பாதீர்கள். இரண்டு மூன்று வாரம் குறைந்த தூரம் ஓட்டிப் பாருங்கள். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் மரமரப்பு நாள்கணக்கில் நீடித்தாலோ, படுத்திருக்கும்போதும் முழங்கால் வலித்தாலோ, பெடலோடு மல்லுக்கட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வரும்போது சைக்கிளையும் கொண்டுவாருங்கள்.