வீட்டு ஆக்சிஜன், மாசாமாசம் இன்ஹேலர்: எந்த அட்டை எதுக்கு செல்லும், எதுக்கு செல்லாது

"காப்பீட்டு அட்டைதான் இருக்கே, ஆக்சிஜன் மெஷினை அதுல வாங்கிடலாம்ல?" சிஓபிடின்னு, அதாவது மூச்சுக்குழாய் அடைச்சு நாள்பட்டு இருக்கற நுரையீரல் நோய்னு சொல்லி டிஸ்சார்ஜ் பண்ணி விட்ட வீட்டுல எல்லாம் முதல்ல வர்ற கேள்வி இதுதான். வாங்க முடியாது. இதை மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இதுக்காக கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு கவுண்டர்ல போய் நின்னு, அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஆஸ்பத்திரில மறுபடி கவுண்டருக்கு அனுப்பின்னு நிறைய பேர் அலையறாங்க, அதுக்குள்ள வீட்டுல மூச்சு வாங்கிட்டு ஒரு உசுரு காத்துட்டு இருக்கும்.

முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்ங்கறது பெட்ல சேர்த்து பாக்கற வைத்தியத்துக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும், குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் செல்லும். சளி முத்திப்போய் ஐசியூல வைக்கறாங்க, வென்டிலேட்டர் போடறாங்கன்னா அப்ப இந்த அட்டைதான் வீட்டை காப்பாத்தும், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆஸ்பத்திரி கேட்டை தாண்டி வந்ததுக்கு அப்பறம் வீட்டுல ஓடற மெஷின், சிலிண்டர், மாசாமாசம் வாங்கற மருந்து இதெல்லாம் அதுல வராது. அதனால அட்டையை ரெடியா வச்சிருக்கறதுதான் நம்ம வேலை, ரேஷன் கார்டுல பேர் இருக்கா, மகன் கார்டுல அப்பா அம்மா பேர் சேர்ந்திருக்கான்னு மூச்சு நல்லா இருக்கும்போதே பாத்துடுங்க, ராத்திரி 2 மணிக்கு 108ல ஏத்தும்போது இதை தேட முடியாது. எந்த ஆஸ்பத்திரில செல்லும்னு தெரியலன்னா 1800 425 3993க்கு அடிங்க, காசில்லாத நம்பர்தான்.

பிரைவேட் இன்சூரன்ஸ் வச்சிருக்கறவங்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். இன்சூரன்ஸ் கம்பெனிகளை கட்டுப்படுத்தற ஐஆர்டிஏஐ ஒரு பட்டியல் போட்டிருக்கு, கம்பெனி குடுத்தே ஆகணும்னு கட்டாயம் இல்லாத பொருளுங்க அது, அதுல ஆஸ்பத்திரிக்கு வெளிய யூஸ் பண்ற ஆக்சிஜன் சிலிண்டர், மருந்தை புகையாக்கி இழுக்கற நெபுலைசர் கிட், இன்ஹேலர்ல மாட்டற குழாயான ஸ்பேசர் எல்லாம் பேர் போட்டே இருக்கு. சில பாலிசில மட்டும் கூடுதலா காசு கட்டினா இதையும் குடுப்பாங்க, பாலிசி பேப்பரை பாக்காம ஏஜென்ட் வாய்ச்சொல்லை நம்பி மெஷின் பில்லை அனுப்பாதீங்க.

அப்ப யாருக்குதான் மெஷின் கிடைக்கும்? சென்ட்ரல் கவர்மென்ட் வேலைல இருந்து ரிட்டயர் ஆகி சிஜிஹெச்எஸ் கார்டு வச்சிருக்கறவங்க, மிலிட்டரில இருந்து வந்து இசிஹெச்எஸ்ல இருக்கறவங்க, இவங்களுக்கு காத்துல இருந்து ஆக்சிஜனைப் பிரிச்சுக் குடுக்கற வீட்டு கான்சன்ட்ரேட்டர், மாஸ்க் வழியா காத்தை தள்ளி மூச்சுக்கு உதவற பைபேப் மெஷின் ரெண்டுக்குமே வழி இருக்கு. ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் எழுதிக் குடுக்கணும், ரிப்போர்ட் வைக்கணும், முன்னாடியே அனுமதி வாங்கணும். முதல்ல கடைல வாங்கிட்டு அப்பறம் பில்லை நீட்டினா இழுத்தடிப்பாங்க, அதனால அந்த வரிசையை மாத்தாதீங்க. நம்ம ஊர்ல எக்ஸ் சர்வீஸ்மேன் வீடு எத்தனை இருக்கு, அவங்கள்ல பல பேருக்கு இது தெரியாம சொந்தக் காசை போட்டு மெஷின் வாங்கறாங்க, அதுதான் வயித்தெரிச்சல்.

இன்னொரு கூட்டம் இருக்கு, அதைப் பத்தி யாருமே பேசறதில்ல. கோயமுத்தூர், திருப்பூர், ராஜபாளையம் பக்கம் ஸ்பின்னிங் மில்லுல பஞ்சுத் தூசிக்குள்ளயே நின்னு வயசான ஆளுங்க. பஞ்சுத் தூசியால வர்ற பிசினோசிஸ், கல் தூசியால வர்ற சிலிகோசிஸ், இது ரெண்டும் ஈஎஸ்ஐக்கான தொழில் நோய்ப் பட்டியல்ல பேர் போட்டு இருக்கு. வேலையால வந்த நோய்னு மெடிக்கல் போர்டு ஒத்துக்கிட்டா நிரந்தர ஊனப் பலன்னு மாசாமாசம் பணம் வரும். இதுல என்ன சிக்கல்னா டாக்டர் சீட்டுல வெறுமனே ஆஸ்துமா, சிஓபிடின்னு எழுதிட்டா அந்தக் கதவு திறக்காது, அதனால எந்த மில்லு, எந்த டிபார்ட்மென்ட், பஞ்சைப் பிரிக்கற ப்ளோரூமா, சிக்கெடுக்கற கார்டிங்கா, எத்தனை வருஷம்னு டாக்டர்கிட்ட வாயைத் திறந்து சொல்லி சீட்டுல எழுத வைங்க. ஒரு ஆளு வாழ்நாள் பூரா ப்ளோரூம்ல நின்னிருப்பாரு, டாக்டர் "பீடி பிடிப்பீங்களா"ன்னு மட்டும் கேட்டுட்டு அதோட முடிச்சிடுவாரு.

அதோட, ரிட்டயர் ஆனதும் ஈஎஸ்ஐ போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. 5 வருஷமாவது ஈஎஸ்ஐல இருந்துட்டு ரிட்டயர்மென்ட் வயசு வந்து வெளிய வந்தவங்க, வருஷத்துக்கு 120 ரூபா கட்டினா, ஆமா நூத்தி இருபதுதான், தனக்கும் தன் துணைக்கும் ஈஎஸ்ஐ வைத்தியம் தொடர்ந்து கிடைக்கும். இன்ஹேலருக்கு கடைல ஒரு மாசம் ஆகற செலவே இதைவிட அதிகம். பழைய இன்சூரன்ஸ் நம்பர், மில்லுல குடுத்த ரிலீவிங் பேப்பர் ரெண்டையும் எடுத்துட்டு பக்கத்து ஈஎஸ்ஐ பிராஞ்ச் ஆபீஸுக்கு போங்க.

இது எதுலயும் வராதவங்கதான் அதிகம், விவசாய வேலை, கட்டட வேலை, விறகு அடுப்புல பொங்கிப் பொங்கியே நெஞ்சு போன அம்மாக்கள். இவங்களுக்கு மருந்து விஷயத்துல கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான் நிலையான வழி. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994ல ஆரம்பிச்சாங்க, அது மொத்தமா மருந்து வாங்கி எல்லா ஜிஹெச், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் அனுப்புது, நமக்கு காசு கிடையாது. பெரிய இன்ஹேலர் எல்லாம் சின்ன பிஹெச்சில இருக்காது, மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி நெஞ்சக நோய் பிரிவுக்கோ, தாம்பரம் சானடோரியம் மாதிரி நெஞ்சக ஆஸ்பத்திரிக்கோ ஒருவாட்டி போய் நோட்டு போட்டு, என்ன மருந்து, எத்தனை வேளைன்னு தெளிவா எழுதி வாங்கிட்டு, அதை ஊர் பிஹெச்சி டாக்டர்கிட்ட காட்டி எது இங்கயே கிடைக்கும், எதுக்கு அங்க போகணும்னு பிரிச்சு வச்சுக்கணும். பேஷன்ட் வர முடியாம நோட்டை எடுத்துட்டு வீட்டு ஆளு போனா சில இடத்துல குடுத்துடுவாங்க, சில இடத்துல ஆளைக் கூட்டிட்டு வான்னுவாங்க, அதையும் முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. கைல இருக்கற மருந்து தீர்ந்ததுக்கு அப்பறம் போகாதீங்க, ஒரு வாரத்துக்கு இருக்கும்போதே போங்க, அன்னைக்கு ஸ்டாக் இல்லன்னு சொன்னாலும் சமாளிக்கலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5ல ஆரம்பிச்சது, அதுல வீடு தேடி வர்றது முக்கியமா பிரஷர், சுகர் மாத்திரைதான். இன்ஹேலர் கொண்டு வந்து குடுப்பாங்கன்னு எதிர்பார்க்காதீங்க. ஆனா படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு அதுலயே வலி நிவாரண ஆதரவு சிகிச்சை, பிசியோதெரபி ரெண்டும் இருக்கு, நர்ஸ் வீட்டுக்கே வருவாங்க. வர்ற தன்னார்வலர் அக்காகிட்ட "எங்க வீட்டுல மூச்சுத் திணறல் பேஷன்ட் இருக்காங்க, எந்திரிக்க முடியல"ன்னு சொல்லி பேரை பதிஞ்சு விடுங்க, நாம சொல்லாம அவங்க எழுதிக்க மாட்டாங்க. இல்லன்னா 104ல கேளுங்க.

கடைல வாங்கித்தான் ஆகணும்னா பிராண்ட் பேரை விட்டுட்டு மருந்து பேரைப் பாருங்க. 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல சால்புடமால், இப்ராட்ரோபியம், டையோட்ரோபியம், புடசோனைடு, புடசோனைடும் ஃபார்மோடெராலும் சேர்ந்தது, இதெல்லாம் இருக்கு, பட்டியல்ல இருக்கற அளவுக்கு அரசாங்கம் வச்ச உச்ச விலைக்கு மேல எந்தக் கம்பெனியும் விக்கக் கூடாது. மூணு மருந்து ஒண்ணா கலந்த புது இன்ஹேலர் அந்தப் பட்டியல்ல இல்ல, விலையும் கண்ணைக் கட்டும், அதனால "டாக்டர், இதையே பட்டியல்ல இருக்கற மருந்தா பிரிச்சு எழுத முடியுமா"ன்னு கேக்கறதுல ஒரு தப்பும் இல்ல. மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரி 24ல திறந்த முதல்வர் மருந்தகம், இங்கெல்லாம் போன் பண்ணி இருப்பைக் கேட்டுட்டு போங்க. ஆனா மருந்தை நீங்களா மாத்தாதீங்க, பொடி மருந்து கேப்சூலான ரோட்டாகேப்ல இருந்து ஸ்ப்ரேக்கு மாறினாலே இழுக்கற முறை வேற.

இனி மெஷின். வாங்கறதுக்கு முன்னாடி நிஜமா தேவைதானான்னு பாருங்க, இதுல கடைக்காரன் சொல்றதை விட டாக்டர் சொல்றதை விட ஒரு பேப்பர் முக்கியம், அதுதான் ஏபிஜி ரிப்போர்ட், மணிக்கட்டுல தமனி ரத்தம் எடுத்து பாப்பாங்களே அது. ஆக்சிஜன் இல்லாம சும்மா உக்காந்திருக்கும்போது அதுல PaO2ன்னு போட்டிருக்கற ஆக்சிஜன் அளவு 55 அல்லது அதுக்கு கீழ, இல்லன்னா விரல்ல மாட்டற மீட்டர்ல 88 அல்லது அதுக்கு கீழ இருந்தா வீட்டு ஆக்சிஜன் தேவை. 55க்கும் 60க்கும் நடுவுல இருந்து காலு வீங்குது, ரத்தம் கெட்டியாகுது, இதயத்தோட வலது பக்கம் சிரமப்படுதுன்னாலும் தேவை. வச்சா ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது வைக்கணும், 1980ல அமெரிக்காவுலயும் 1981ல பிரிட்டன்லயும் வந்த ரெண்டு ஆய்வுல இருந்துதான் இந்தக் கணக்கே வந்துச்சு, மூச்சு வாங்கும்போது மட்டும் பத்து நிமிஷம் வச்சுட்டு எடுத்தா அந்தப் பலன் வராது. டிஸ்சார்ஜ் அன்னைக்கு இருக்கற அளவு ரெண்டு மூணு மாசத்துல பல பேருக்கு ஏறிடும், அதனால அந்த பதட்டத்துல சொந்தமா மெஷின் வாங்காம வாடகைக்கு எடுங்க, மறுபடி டெஸ்ட் பண்ணி பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆக்சிஜன் வச்சிருக்கும்போது சிஓபிடிக்காரங்களுக்கு விரல் மீட்டர்ல 88ல இருந்து 92 வரைக்கும் இருந்தா போதும், 99 வரணும்னு லிட்டரை ஏத்தி விட்டா கார்பன் டை ஆக்சைடு தேங்கி ஆளு மயங்கிடுவாங்க.

டாக்டர்கிட்ட சீட்டு வாங்கும்போது நோய் பேர், ஏபிஜி அளவு, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர், நாளைக்கு எத்தனை மணி நேரம், எத்தனை மாசம், இத்தனையும் ஒரே பேப்பர்ல சீலோட வாங்குங்க. சிஜிஹெச்எஸ்ல கேக்கறதும் இதைத்தான், டிரஸ்ட்ல மெஷின் கேட்டாலும் இதைத்தான் கேப்பாங்க, திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள்ல மனு குடுக்கறதா இருந்தாலும் இது இல்லாம மனுவுக்கு எடை கிடையாது. மனு குடுத்தா மெஷின் கிடைச்சிடும்னு உத்தரவாதம் இல்ல, அது உரிமை இல்ல, உதவி. மாற்றுத்திறனாளி அட்டைக்கும் அலையாதீங்க, 2016 சட்டத்துல சொன்ன 21 வகைல நுரையீரல் நோய் இல்ல.

கரண்ட் பில் விஷயத்தையும் கணக்குல எடுத்துக்கோங்க. 5 லிட்டர் மெஷின் சுமாரா 350 வாட், 16 மணி நேரம் ஓடினா நாளைக்கு 5.6 யூனிட், ரெண்டு மாச பில்லுல கிட்டத்தட்ட 336 யூனிட் கூடும். முதல் 100 யூனிட் இலவசம் போக, மொத்தம் 500ஐ தாண்டினா ரேட் அட்டவணையே மாறிடும், முன்னாடி இருக்கற யூனிட்டுக்கும் சேர்த்து கூடும். அதனால மெஷின் வந்த மாசத்துல இருந்து வாரம் ஒருதடவை மீட்டரைப் பாருங்க, கீசர், ஏசி ரெண்டையும் கொஞ்சம் அடக்கினா 500க்குள்ள நிக்கலாம்.

கரண்ட் போச்சுன்னா இன்வெர்ட்டர் புது பேட்டரியா இருந்தா மெஷினை மட்டும் மூணு மணி நேரம் இழுக்கும், அதுக்கு மேல நம்ப வேண்டாம். மழைக்காலத்துல ஒரு பி டைப் சிலிண்டர் நிறைச்சு வீட்டுல வைங்க, 1500 லிட்டர் பிடிக்கும், நிமிஷத்துக்கு 2 லிட்டர்ல வச்சா பன்னெண்டரை மணி நேரம் வரும். பில்லு போடும்போது பாருங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து மெடிக்கல் ஆக்சிஜனுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், முன்னாடி 12. கரண்ட் புகாருக்கான மின்னகம் நம்பர் 94987 94987, போன் பண்ணும்போது வீட்டுல ஆக்சிஜன் பேஷன்ட் இருக்காங்கன்னு சொல்லுங்க. சாமி ரூம் பக்கத்துலயோ அடுப்பு பக்கத்துலயோ மெஷினை வைக்காதீங்க, டியூபை மூக்குல மாட்டிட்டு விளக்கு ஏத்தப் போறவங்க இருக்காங்க, பீடி சிகரெட்டை சொல்லவே வேண்டாம்.

கடைசியா வரி கட்டற பிள்ளைங்களுக்கு. 1961 வருமான வரிச் சட்டத்துல குறிப்பிட்ட சில நோய் வைத்தியத்துக்கு வரிக் கழிவு தர்ற 80டிடிபி பிரிவுல சிஓபிடி வராது, ஆடிட்டரை அதுக்காக தொந்தரவு பண்ணாதீங்க. ஆனா அப்பா அம்மாவுக்கு 60 வயசு ஆகி, அவங்க பேர்ல ஹெல்த் இன்சூரன்ஸ் எதுவும் இல்லன்னா, அவங்களுக்கு செலவு பண்ண மருத்துவச் செலவை அதே சட்டத்தோட 80டி பிரிவுல வருஷத்துக்கு 50,000 வரைக்கும் கழிக்கலாம். பழைய வரி முறைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான் இது, அதுவும் கேஷா குடுத்தா செல்லாது, ஜிபேயோ கார்டோ பேங்க் டிரான்ஸ்ஃபரோ பண்ணி, பில்லுல அப்பா பேரோ அம்மா பேரோ போட்டு வாங்குங்க.