நனைய நனைய இறுகும் தையல்

தோலில் ஊசி இறங்கினால் ஓட்டை விழும், ஓட்டை இருந்தால் தண்ணீர் புகும். கனடாவின் வடகோடியிலும் கிரீன்லாந்திலும் வாழும் இனூயிட் மக்களின் காமிக் காலணியோ கடல்நாய்த் தோல் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்ததுதான். பசை கிடையாது. ஆனாலும் பனி உருகித் தேங்கிய குளிர்நீரில் அதைப் போட்டுக்கொண்டு வேட்டைக்கு நடந்தார்கள். அந்தக் குளிரில் கால் நனைந்தால் விரல்களையே இழக்க நேரிடும்.

சூட்சுமம் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, ஊசி போகும் ஆழம். இரண்டு தோல்களின் விளிம்புகளையும் சற்றே ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வைப்பார்கள். ஊசி மேல்தோலை முழுதாகத் துளைக்கும். கீழ்த்தோலிலோ பாதிக் கனம் வரைதான் இறங்கி, அப்படியே வளைந்து மேலே வந்துவிடும். அப்புறம் திருப்பிப் போட்டு, மறுபக்கத்திலிருந்து இதே மாதிரி இன்னொரு வரிசை. ஆக, வெளியிலிருந்து உள்ளே நேராகப் போகும் துளை ஒன்றுகூட இருக்காது. அவ்வளவு மெல்லிய தோலில் பாதி ஆழத்தைக் கண்ணால் பார்த்து அளக்க முடியாது. விரல்தான் சொல்ல வேண்டும். அம்மாவிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் பெண்கள் கற்றுக்கொண்ட இந்த விரல் அறிவை நான் நுட்பமான பொறியியலாகவே பார்க்கிறேன்.

இன்னொன்று நூல். கரிபூ மானின் முதுகுத் தசைநாணை உலர்த்தி, இழை இழையாகப் பிரித்து எடுப்பார்கள். அது கொலாஜன் என்ற புரதத்தால் ஆனது. ஈரம் பட்டால் நீரை உறிஞ்சிப் பருத்து, தான் நுழைந்த துளையைத் தானே அடைத்துக்கொள்ளும். நைலான் நூல் அவ்வளவாகப் பருக்காது.

அலாஸ்காவை ஒட்டிய அலூஷியன் தீவுகளின் உனங்கன் மக்கள் மழைச்சட்டையையே குடலில் தைத்தார்கள். கடல்சிங்கம் போன்ற விலங்குகளின் குடலைச் சுத்தம் செய்து, காற்று ஊதிக் காயவைத்து, நீளவாக்கில் பிளந்தால் கண்ணாடித்தாள் போன்ற பட்டைகள் கிடைக்கும். அவற்றை வரிசையாக இணைத்தால் சட்டை. மழையும் அலைத்துளியும் உள்ளே வராது. வியர்வையின் ஆவி மட்டும் மெல்ல வெளியேறும். கயாக் படகில் மணிக்கணக்காகத் துடுப்புப் போடுகிறவருக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

ஒன்றே ஒன்று, காய்ந்துவிட்டால் குடல் மொறுமொறுவென்று ஆகி, மடித்த இடத்தில் விரிசல் விடும். அதனால் போடுவதற்கு முன் லேசாக ஈரப்படுத்துவார்கள். அருங்காட்சியகங்களிலும் இந்தச் சட்டைகளின் மடிப்பைப் பிரிப்பதற்கு முன் அவற்றுக்கு மெல்ல ஈரப்பதம் ஊட்டுகிறார்கள்.