எபிக்னா என்ன, நம்ம தமிழ்ல அதுக்கு என்ன பேரு?

இப்ப எந்த போர்ப் படம் வந்தாலும் "எபிக்கா இருக்கு"ன்னுதான் எல்லாரும் போடுறோம். எபிக்ங்கிற சொல்லுக்கு மூலம் கிரேக்கத்துல எபோஸ், அதுக்கு சொல், சொல்லப்பட்ட கதை, பாட்டுன்னுதான் அர்த்தம், பெருசுங்கிற பொருளே அதுல கெடையாது. நாமதான் ஆனையும் குதிரையும் கூட்டமா ஓடுனா எபிக்னு ஆக்கிட்டோம். போஸ்டர்ல போடுற பிரமாண்டமும் அளவைத்தான் சொல்லுது, கதையைச் சொல்லல.

எபிக்குக்கு நேர் சொல் காப்பியம், காவியம்னாலும் அதேதான். தண்டியலங்காரம் பெருங்காப்பியத்துக்கு இலக்கணம் சொல்றப்ப "மந்திரம் தூது செலவு இகல் வென்றி"ன்னு ஒரு வரிசை கொடுக்குது பாருங்க. கூடி ஆலோசிக்கிறது, தூது போறது, படை கெளம்புறது, சண்டை, ஜெயிக்கிறது. சீனா, கொரியா, நம்ம ஊருன்னு எந்தப் போர்ப் படத்தை எடுத்தாலும் பெரும்பாலும் இந்த அஞ்சும் இதே வரிசையில வந்து நிக்கும்.

ஆனா போர்தான் மையம்னா தமிழ்ல அதுக்குன்னே தனிப் பேரு இருக்கு, பரணி. "ஆனை ஆயிரம் அமரிடை வென்ற மாணவனுக்கு வகுப்பது பரணி"ன்னு இலக்கணம், அதாவது போர்ல ஆயிரம் ஆனையை ஜெயிச்ச வீரனைப் பாடுறது. பேரு வந்தது பரணி நட்சத்திரத்துலேர்ந்து, அது காளிக்கு உரிய நாள், அன்னைக்குப் பேய்ங்க களத்துலயே கூழ் காய்ச்சி காளிக்குப் படைக்கும்ங்கிறதுதான் பாட்டோட கற்பனை. கலிங்கத்துப்பரணியில செயங்கொண்டார் எடுத்த எடுப்புல சண்டைக்குப் போகமாட்டார், கடை திறப்பு (வாசக்கதவைத் திறக்கச் சொல்லிப் பாடுறது), காடு, கோயில், பேய்ங்க பசின்னு நம்மள காக்க வச்சு காக்க வச்சு கடைசிப் பக்கத்துலதான் சோழ ராஜா குலோத்துங்கனோட தளபதி கருணாகரத் தொண்டைமான் படையைக் கலிங்கத்துக்குள்ள விடுவார், அதுக்குள்ள நமக்கே பசி எடுத்துரும். நல்ல போர்ப் படத்தோட ருசியும் இந்தக் காத்திருப்புலதான் இருக்குன்னு நான் உறுதியா நம்புறேன்.

போன மாசம் காரைக்குடி வீட்டுல கொரியாவோட மியோங்னியாங் கடற்போரைப் பத்தி 2014ல வந்த படம் பார்த்துக்கிட்டு இருந்தேன். 1597ல தளபதி யி சுன்-சின் 13 கப்பலை வச்சுக்கிட்டு ஜப்பானோட 133 போர்க்கப்பலை ஒரு குறுகலான ஜலசந்தியில, நீரோட்டம் திசை மாறுற நேரம் பார்த்து மடக்குன கதை. தென் கொரியாவுல அந்தப் படத்துக்கு 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல டிக்கெட் வித்துச்சு, அங்க மொத்த ஜனத்தொகையே 5 கோடி சொச்சம்தான். அப்பத்தா வளவுல ஒக்காந்து முறத்துல கவுனி அரிசிக்குக் கல்லு பொறுக்கிக்கிட்டே பார்த்தாங்க. பாஷை புரியாது, கீழ ஓடுற எழுத்தும் படிக்க முடியாது. மத்த கப்பலெல்லாம் பயந்து பின்னால நிக்க, தளபதியோட கப்பல் மட்டும் தனியா முன்னால நின்னுச்சே, அந்த எடத்துல அவங்க கை அப்படியே நின்னு போச்சு, ஒரு அரிசி விரலுக்கு நடுவுல. "ஏண்டா, இது யுத்த காண்டம் மாதிரில்ல இருக்கு"ன்னாங்க. வருஷா வருஷம் கம்பன் விழாவுல ஒக்காந்து கேட்ட காது அது, 1939லேர்ந்து எங்க ஊர்ல கம்பன் கழகம் இருக்கு.

கொஞ்ச நேரம் கழிச்சு "அந்த அத்தனை கப்பல்ல வந்தவன் வீட்டுலயும் ஆளுக இருப்பாகள்ல"ன்னு கேட்டாங்க. எனக்குப் பரணியில பெரிய விஷயமாப் படுறதே இதுதான். பரணிக்குப் பேரு ஜெயிச்சவன் பேரால வைக்கிறது இல்ல, தோத்தவன் பேராலதான். ஜெயிச்சது குலோத்துங்கன், பாட்டுக்குப் பேரு கலிங்கம். ஒட்டக்கூத்தர் பாடுன தக்கயாகப்பரணியும் அழிஞ்ச தக்கனோட வேள்விப் பேருலதான் இருக்கு. ஜப்பான் டைரக்டர் அகிரா குரோசாவாவோட 1985 படம் 'ரான்'ல கோட்டை எரியிறப்ப சத்தமெல்லாம் அடங்கி வெறும் இசை மட்டும் கேக்கும், தோத்த கிழவன் ஒருத்தன் படியில எறங்கி வருவான், அதையும் நான் இந்த வகையிலதான் சேர்ப்பேன்.

அதனால எழுதுறப்ப பொதுவா எபிக்னா காப்பியம், போரை வச்சு எடுத்ததுன்னா போர்க்காப்பியம் இல்ல பரணிப் படம்னு போடுங்க, வெறும் அளவைச் சொல்லணும்னா மட்டும் பிரமாண்டம் போதும். அந்தக் கொரியப் படத்துக்குச் செயங்கொண்டார் பேரு வச்சிருந்தா சப்பான் பரணின்னுதான் வந்திருக்கும்.