மழை மேல் பழியைப் போடும் முன்

வெள்ளம் வடிந்த மறுநாள் பொறுப்பில் இருப்பவர்களிடம் மைக்கை நீட்டினால் இப்போதெல்லாம் தயாராக ஒரு பதில் வருகிறது: "காலநிலை மாற்றம் சார், நாங்க என்ன செய்ய?" ஒரு காலத்தில் என்னைப் போன்ற சுற்றுச்சூழல் நிருபர்கள் இந்தச் சொல்லைச் செய்தியில் நுழைக்கவே, எதைப் போடுவது என்று முடிவுசெய்யும் டெஸ்க்கோடு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்று அதுவே பலருக்கு நல்ல சாக்கு.

2015 டிசம்பர் சென்னை மழையை ஆராய்ந்த அறிவியலாளர்களுக்கு, புவி வெப்பமாதலோடு அதற்குத் தெளிவான தொடர்பு கிடைக்கவில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டதை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் துறையோ, அது மனிதர்களால் உண்டான பேரிடர் என்றது. ஆக, எது வானத்தின் பங்கு, எது நம் பங்கு என்று பிரித்துக் கேட்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

வடசென்னையின் எண்ணூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலைகள் நிறைந்த மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழிமுகத்துக்கு வந்தது. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற மட்டம் வரை கறுப்புக் கோடு. மீனவர்கள் வாளியால் அள்ளினார்கள். மழை தண்ணீரைத்தான் கொண்டுவரும். எண்ணெய் எங்கே தேங்கிக் கிடந்தது?

கறுத்த வலைகளின் படம் கொஞ்ச நாள் ஓடியது. அப்புறம் "இதில் புதுசா என்ன?" என்று டெஸ்க்கில் கேட்டார்கள். ஆற்றில் மீன்பாடு இல்லை என்பது தினமும் அதே செய்திதானே! அதனால் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் பசுமைத் தீர்ப்பாயத்தில் இந்த வழக்கு வரும் தேதிகளைக் குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் முதல் நாள் ஊருக்குப் போய்வருவேன். அப்போது செய்திக்கு இடம் கிடைக்கும்.

இந்த வேலையில் ஆபத்து பெரும்பாலும் தாலுகா நிருபர்களுக்குத்தான். விளம்பரக் கமிஷனை நம்பியிருப்பவர், மணல் லாரியைப் படமெடுத்துவிட்டு அதே ஊரில்தான் தூங்க வேண்டும். யுனெஸ்கோ 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, சுற்றுச்சூழல் செய்தி சேகரித்த 44 பேர் 15 ஆண்டுகளில் கொல்லப்பட்டிருக்கிறார்கள். தண்டனை வரை போனவை 5 வழக்குகள்.

நல்ல மாற்றமும் உண்டு. பெருமழைக்கோ வெயிலுக்கோ காலநிலை மாற்றம் எவ்வளவு காரணம் என்பதைச் சில வாரங்களிலேயே கணித்துச் சொல்லும் ஆய்வுக் குழுக்கள் வந்துவிட்டன. மீதிப் பங்குக்கு ஆதாரம் நம்மூர்க் காகிதங்களில் இருக்கிறது. புது ஆலைக்கு அனுமதி தரும் முன் மக்களிடம் நடத்தும் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்பே அறிவிப்பு வரும். ஆலையின் சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைக்குத் தமிழில் சுருக்கமும் கிடைக்கும். நிருபர்களே, அதோடு நின்றுவிடாமல் அந்தத் தடித்த ஆங்கில அறிக்கையில் ஒன்றை மட்டுமாவது தேடுங்கள்: ஆலை வளாகத்தில் விழும் மழைநீர் எந்த வாய்க்காலுக்குப் போகிறது? ஐப்பசிக்கு முன்பே அந்த வாய்க்காலை நேரில் பார்த்து, படமும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.