தொடைக்குத் தெரியாத திருட்டு

பார்சிலோனா மெட்ரோவின் பச்சை வழித்தடமான எல்3-இல் லிசேவு நிலையம். மேலே ராம்ப்லா நடைவீதி, எந்நேரமும் சுற்றுலாக் கூட்டம். ரயில் வந்து நிற்கிறது. உங்களுக்கு முன்னால் ஏறியவர் கதவைத் தாண்டியதும் சட்டென்று நின்று, ஏறியது சரியான ரயில்தானா என்பதுபோல் வரைபடத்தை அண்ணாந்து பார்க்கிறார். நீங்கள் அவர் முதுகில் மோதுகிறீர்கள். பின்னாலிருந்து ஒருவர் நெருக்குகிறார். இரண்டு மூன்று விநாடிகள்தான். கதவு மூடும் ஒலி கேட்டதும் முன்னால் நின்றவர் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டபடி இறங்கிவிடுகிறார். அவரைச் சோதித்தாலும் பர்ஸ் கிடைக்காது. எடுத்தவர் பின்னால் நின்றவர். அவர் கையிலும் அது தங்கியிருக்காது. மூன்றாவது ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

இப்படி நிறுத்துபவர், மறைப்பவர், எடுப்பவர், வாங்கிக்கொண்டு போகிறவர் என்று வேலையைப் பிரித்துக்கொள்ளும் கூட்டங்கள் ரோமில் டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வாத்திகன் பக்கம் போகும் 64-ஆம் எண் பேருந்திலும் உண்டு, பாரிஸிலும் உண்டு. 2013 ஏப்ரலில் பிக்பாக்கெட் தொல்லை தாங்காமல் லூவர் அருங்காட்சியக ஊழியர்கள் வேலையை நிறுத்த, அருங்காட்சியகமே ஒருநாள் மூடிக் கிடந்தது.

பறிகொடுத்தவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "எனக்குத் தெரியவே இல்லை." அது பொய்யல்ல. நம் தோல் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

ஜெர்மானிய உடலியலாளர் எர்ன்ஸ்ட் வெபர் 1834-இல் வெளியிட்ட ஆய்வில், கவராயத்தின் இரு முனைகளையும் உடலின் பல இடங்களில் வைத்துப் பார்த்தார். விரல் நுனியில் முனைகளுக்கு இடையே 2 மில்லிமீட்டர் இருந்தாலே இரண்டு என்று தெரிந்துவிடுகிறது. தொடையிலும் முதுகிலும் ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்குக் குறைந்தால் ஒரே தொடுதலாகத்தான் படும். பின்பாக்கெட்டில் நுழையும் இரண்டு விரல்களை உடம்பு ஏன் எண்ணுவதில்லை என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை. எடுப்பவரின் விரல் நுனியோ பர்ஸின் தையலைக்கூடத் தடவி அறியும். உடம்பின் மிகக் கூர்மையான இடம் அவர் பக்கம், மிக மந்தமான இடம் நம் பக்கம்.

இன்னொன்று பழக்கம். தோலில் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகளில் ஒருவகை, மாற்றம் நடக்கும்போது மட்டுமே மூளைக்குச் செய்தி அனுப்பும். காலையில் பாக்கெட்டில் வைத்த பர்ஸ் பத்தாவது நிமிடத்திலேயே உடம்புக்கு மறந்துபோகிறது. கட்டியிருக்கும் கைக்கடிகாரம் நினைவில் இல்லாததுபோல. பெரிய தொடுதல் சிறிய தொடுதலை மூழ்கடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தோளில் வலுவாக இடித்த கணத்தில் இடுப்புக்குக் கீழே நடக்கும் மெல்லிய இழுப்பு பதியாது. வீட்டிலேயே சோதிக்கலாம். ஒருவரின் தளர்ந்த கால்சட்டையின் பின்பாக்கெட்டில் மடித்த காகிதத்தை வைத்து, ஒரு கையால் அவர் தோளை அழுத்திக்கொண்டே மறுகையால் மெதுவாக எடுங்கள். தோளை அழுத்தாமலும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

கண்ணும் பெரிதாகக் காப்பாற்றாது. 1999-இல் நடந்த புகழ்பெற்ற சோதனையில், பந்து கைமாறுவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர், கொரில்லா வேடமிட்டவர் நடுவில் நடந்துபோனதைக் கவனிக்கவில்லை. மேடையில் பிக்பாக்கெட் வித்தை காட்டும் அப்பல்லோ ராபின்ஸ், நரம்பியலாளர்களோடு சேர்ந்து செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. கை நேர்கோட்டில் நகர்ந்தால் பார்ப்பவரின் கண் தொடங்கிய இடத்துக்குத் தாவித் திரும்புகிறது. வளைவாக நகர்ந்தால் கையோடு வழுக்கிக்கொண்டே போய்விடுகிறது. சட்டையில் கறை பட்டிருக்கிறது என்று துடைக்க வருபவரின் கையைப் பார்த்துக்கொண்டே இருப்போம். பாரிஸில் மனுத்தாளை முகத்துக்கு நேரே நீட்டிக் கையெழுத்துக் கேட்பவர்களின் வேலையும் இதுதான்: தாளுக்குக் கீழே நடப்பது உங்களுக்குத் தெரியாது.

ஆகவே "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரை பாதிக்குத்தான் உதவும். கவனத்தைத்தான் முதலில் திருடுகிறார்கள். கவனமே இல்லாதபோதும் வேலை செய்கிற தடை வேண்டும்.

நம் பாட்டிமார் அதை அறிந்திருந்தார்கள். காசை முந்தானையில் முடிந்தால் முடிச்சவிழ்க்கி வருவான். சுருக்குப் பையில் போட்டு இடுப்பில் செருகினால் துணி மடிப்பையும் கடந்து, கயிற்றையும் தளர்த்தித்தான் எடுக்க வேண்டும். பயணக்கடைகளில் விற்கும் இடுப்புப் பையின் தத்துவமும் அதுவே. சட்டைக்குள், தோலோடு ஒட்டிக் கட்டுங்கள். பாஸ்போர்ட், இரண்டாவது வங்கி அட்டை, கையிருப்புப் பணம் அதில் இருக்கட்டும். தெருவில் அதைத் திறக்கவே கூடாது. ஒருமுறை திறந்தால் இடத்தைக் காட்டிக்கொடுத்ததாகும். அன்றைய செலவுக்கு 50 யூரோவும் ஒரு அட்டையும் முன்பாக்கெட்டில் போதும்.

தோள்பையை மார்புப் பக்கம் போடுங்கள். ஜிப்பின் இரு இழுவைகளையும் சேர்த்து ஒரு ஊக்கு குத்துங்கள். ஊக்கை யாரும் கழற்றலாம், ஆனால் அதற்கு இரண்டு கையும் சில விநாடிகளும் வேண்டும். எடுப்பவருக்கு இருப்பது, மேலே போட்ட கோட்டுக்கு அடியில் ஒரு கை மட்டும். காபிக் கடையில் பையின் வாரை நாற்காலிக் காலில் அல்லது உங்கள் தொடையில் சுற்றிவிடுங்கள். போனை மேசைமேல் வைக்காதீர்கள். அதன்மேல் ஒரு வரைபடத்தை விரித்து வழி கேட்பவர், வரைபடத்தோடு போனையும் அள்ளிக்கொண்டு போவார். "பிக்பாக்கெட் ஜாக்கிரதை" பலகையைப் பார்த்ததும் கை தானாகப் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்க அங்கே ஆள் நிற்கலாம்.

வங்கி அட்டையைத் தொடாமலே கருவியால் படித்துத் திருடுவதைத் தடுக்கும் என்று சொல்லி விற்கும் அலைத்தடுப்பு பர்ஸுக்குச் செலவழிக்க வேண்டாம். அட்டையின் சில்லு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் புதிய குறியீட்டை உருவாக்குகிறது, சில சென்டிமீட்டருக்குள் வந்தால்தான் படிக்கவும் முடியும். இந்திய அட்டைகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டை நிறுத்தவும் உச்சவரம்பு வைக்கவும் 2020 மார்ச் முதல் வங்கிச் செயலியிலேயே வசதி இருக்கிறது. அதைப் பழகிக்கொள்வதே மேல்.

நம்மவர்கள் பாதுகாக்க மறப்பது சிம் கார்டை. போனைத் திருடியவர் திரைப்பூட்டை உடைக்க வேண்டியதில்லை. சிம்மை உருவி வேறு போனில் போட்டால் உங்கள் ஓடிபி எல்லாம் அங்கே வரும். கிளம்பும் முன் சிம் பின், அதாவது சிம்முக்கான பூட்டு எண், வையுங்கள். சிம் நிறுவனம் கொடுத்த பழைய பின்னைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறினால் பூட்டைத் திறக்கும் பியுகே எண்ணைக் கேட்கும், அதிலும் பத்து முறை தவறினால் சிம் நிரந்தரமாகச் செத்துவிடும். *#06# அழுத்தினால் வரும் ஐஎம்இஐ எண்ணையும் (உங்கள் போனின் அடையாள எண்) தாளில் எழுதிவையுங்கள்.

பறிபோனால் முதலில் சிம்மையும் அட்டைகளையும் முடக்குங்கள். புகார் அதற்குப் பிறகு. ஸ்பெயினில் அந்தப் புகாருக்கு டெனுன்சியா என்று பெயர்; அதன் நகலில்லாமல் காப்பீட்டுப் பணத்தை வாங்குவது கடினம். பாஸ்போர்ட்டும் போயிருந்தால், இந்தியா திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழைத் தூதரகத்தில் வாங்கலாம், அங்கும் அந்த நகலைக் கேட்பார்கள். 400 யூரோவைத் தாண்டாத திருட்டு ஸ்பெயினில் சிறு குற்றம், பெரும்பாலும் அபராதத்தோடு முடியும்; திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்குத்தான் 2022-இல் சட்டத்தை இறுக்கினார்கள். காவல் நிலையத்துக்குப் போகும் வழியில் அருகிலுள்ள குப்பைத்தொட்டிகளையும் பாருங்கள். பணத்தை உருவிக்கொண்டு பர்ஸை அங்கேயே எறிந்துவிட்டுப் போவது இவர்கள் வழக்கம்.