மலையூர்களின் குப்பைத் திட்டம்: சட்டம் சொல்வது என்ன, நாம் எங்கே பேசலாம்?

மலைமேல் குப்பைக்கிடங்கு அமைப்பதைத் தவிர்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். 2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளில் மலைப்பகுதிகளுக்கென்று தனியாகவே ஒரு விதி இருந்தது. அதன்படி, மேலே மூடிய இடத்தில் குப்பையை வண்டி மாற்றி ஏற்றும் நிலையம் ஒன்று இருக்கலாம். உரமாகவோ மறுசுழற்சிக்கோ ஆகாமல் மிஞ்சுவதை மட்டும் கீழே சமவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கான நிலத்தை 25 கிலோமீட்டருக்குள் பார்க்க வேண்டும். மலைமேலேயே இருக்கும் குப்பைக்கிடங்குகளான ஊட்டியின் தீட்டுக்கல்லையும் கொடைக்கானலின் பிரகாசபுரத்தையும் அறிந்தவர்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பு வரலாம். ஆனாலும் நகராட்சியிடம் கேள்வி கேட்க நம் கைக்கு வந்த முதல் பிடி இந்த விதிதான்.

இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ டீசல் செலவழித்து மேலே வந்த ஒவ்வொரு பொட்டலமும், தின்றது போக மிச்சம் இன்னொரு வண்டியில் கீழே இறங்க வேண்டும். அந்த இரண்டாவது டீசல் நம் வரிப்பணம். ஆகவே, மலையூரில் குப்பைத் திட்டம் என்றால் குப்பை மேலே வராமல் தடுப்பதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். தொட்டி, வண்டி, எந்திரம் எல்லாம் அப்புறம்.

தடுப்பதில் நம் மலைகள் மாநிலத்துக்கே முன்னால் போயிருக்கின்றன. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு முழுக்கத் தடை செய்தார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் பைக்கு அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டது. ஒரு லிட்டருக்குக் குறைந்த தண்ணீர் பாட்டிலுக்கும் அங்கே 2019-இலேயே தடை வந்தது. கொடைக்கானலில் 2024-இல் ஐந்து லிட்டர் வரையான பாட்டிலுக்குத் தடை விதித்து, வைத்திருப்பவரிடம் பாட்டிலுக்கு 20 ரூபாய் வசூலிக்கிறார்கள்.

என்னைக் கேட்டால் இவற்றில் உருப்படியாக வேலை செய்தது டாஸ்மாக் பாட்டில் திட்டம். காட்டுக்குள் உடைந்து கிடக்கும் பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் தலையிட்டது. அதன் பிறகு 2022 மே மாதம் நீலகிரியில்தான் இதை முதலில் தொடங்கினார்கள். வாங்கும்போது 10 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும், காலி பாட்டிலைத் திருப்பினால் அந்தப் பணம் கையில் வந்துவிடும். பெரும்பாலான பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. குடித்தவர் வீசிவிட்டுப் போனாலும் அதை எடுத்துவந்து காசாக்க இன்னொருவர் இருக்கிறார். எந்த அறிவிப்புப் பலகையும் இதைச் சாதித்ததில்லை. சிப்ஸ் பாக்கெட்டுக்கும் கேக் டப்பாவுக்கும் இதே ஏற்பாடு ஏன் கூடாது என்பது வார்டு கூட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி.

சரி, வந்துவிட்ட குப்பைக்கு என்ன விதி? 2016 விதிகளுக்குப் பதிலாக 2026-இல் புதிய விதிகள் வந்துள்ளன. அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் அவை நடைமுறைக்குரியவை. இனி வீட்டிலேயே நான்காகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஈரக்குப்பை, உலர்குப்பை இரண்டும் தெரிந்தவைதான். மூன்றாவது நாப்கின், டயப்பர் போன்றவை. தனியாகச் சுற்றித் தர வேண்டும். நான்காவது தனிக் கவனம் தேவைப்படும் குப்பை: பல்பு, பெயின்ட் டப்பா, காலாவதியான மாத்திரை, பாதரசத் தெர்மாமீட்டர். இந்த நான்காவது வகை எதற்கு என்று கொடைக்கானலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2001-இல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடித் துண்டுகளை ஊர்மக்கள் கண்டுபிடித்த பிறகுதான் அங்கிருந்த தெர்மாமீட்டர் ஆலை மூடப்பட்டது.

ஈரக்குப்பையை வீட்டிலேயே உரமாக்கச் சொல்வார்கள். நல்ல யோசனைதான், ஆனால் சமவெளிக்கு எழுதிய கையேட்டை அப்படியே இங்கே கொண்டுவரக் கூடாது. குளிரில் மக்குவதற்கு நாள் பிடிக்கும். திறந்த குழியாக இருந்தால் இரவில் கரடி வரும், காட்டுமாடு வரும், பன்றியும் வரும். இறுக்க மூடும் தொட்டியும், ஈரத்தைக் குடிக்கக் காய்ந்த சருகும் வேண்டும். மீன், கறிக் கழிவை அதில் போடாமல் வண்டியில் கொடுத்துவிடுவது நல்லது.

பெரிய ரிசார்ட்டுகளை வீடுகளோடு சேர்த்துப் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு 100 கிலோ குப்பை அல்லது 40,000 லிட்டர் தண்ணீர்ச் செலவு அல்லது 20,000 சதுர மீட்டர் கட்டடப் பரப்பு, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் புதிய விதிப்படி அது பெருமளவு குப்பை உண்டாக்கும் இடம். தன் குப்பைக்குத் தானே பொறுப்பு. ஈரக்குப்பையை முடிந்தவரை தன் வளாகத்திலேயே முடிக்க வேண்டும். மலையூர்களில் சுற்றுலாப் பயணியிடம் குப்பைக் கட்டணம் வாங்கவும், ஊர் தாங்கும் அளவுக்கு மட்டும் கூட்டத்தை அனுமதிக்கவும் உள்ளாட்சிக்கு அதிகாரம் உண்டு. கோத்தகிரிப் பக்கம் ஐந்து பேர் வாழும் வீட்டின் குப்பைக்குக் கட்டணம் கேட்கும்போது, வார இறுதியில் ஐம்பது பேர் தங்கிப்போகும் காட்டேஜிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்ப்பதில் தப்பில்லை.

இனி நம் பங்கு. திடக்கழிவு மேலாண்மையை நகராட்சியின் பணியாகப் பட்டியலிட்டது 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம். ஒவ்வொரு நகராட்சியும் தன் ஊருக்கென்று ஒரு திடக்கழிவுத் திட்டம் எழுத வேண்டும் என்றது 2016 விதி. பல ஊர்களில் வெளியிலிருந்து வரும் ஆலோசகர் ஓர் அறையில் உட்கார்ந்து அதை எழுதி முடித்துவிடுகிறார். காலை ஏழு மணிக்கு மலைச்சரிவில் வண்டி ஏறாது, படிக்கட்டுத் தெருவுக்குத் தள்ளுவண்டிகூட வராது, எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு யார் வருவது என்பதே தெளிவில்லை. இதெல்லாம் அந்த ஆலோசகருக்கு எப்படித் தெரியும்?

அதைச் சொல்லும் இடம்தான் பகுதி சபை. தமிழ்நாட்டில் வார்டு குழுவுக்கும் பகுதி சபைக்கும் 2022-இல் விதிகள் வந்தன. வார்டு குழுவுக்குக் கவுன்சிலர் தலைவர். பகுதி சபையில் அந்தப் பகுதி வாக்காளர் எல்லோரும் உறுப்பினர். கிராம ஊராட்சி என்றால் கிராம சபை இருக்கிறது. குடியரசு தினம், மே தினம், உள்ளாட்சி தினமான நவம்பர் 1 உட்பட ஆண்டுக்கு ஆறு முறை கூடும். பேசிவிட்டு வந்தால் போதாது, தீர்மானமாகப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். எங்கே தரம்பிரிக்கும் கூடம், எந்த நேரம் வண்டி, பழைய பொருள் பொறுக்கிப் பிழைப்பவர்களைத் திட்டத்தில் எப்படிச் சேர்ப்பது என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம்.

மக்கள் உள்ளே வந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் குன்னூர் ஓட்டுப்பட்டறை பக்கத்திலேயே இருக்கிறது. கிளீன் குன்னூர் என்ற தன்னார்வ அமைப்பு நகராட்சியோடு சேர்ந்து அங்கே உலர்குப்பையைப் பிரித்து, அழுத்திக் கட்டாக்கி அனுப்புகிறது.

உங்கள் ஊர்த் திட்டத்தைப் பார்த்ததே இல்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழ், நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு கொடுங்கள்; 30 நாளில் பதில் தர வேண்டும். திட்டத்தின் நகலோடு, போன ஆண்டு அதற்கு எவ்வளவு செலவானது, அடுத்த பகுதி சபை எப்போது என்பதையும் அதே மனுவில் கேட்டுவிடுங்கள். இன்னொரு 10 ரூபாய் மிச்சம்.